கழுத்தில் கை பட்டால் மயக்கம்: அப்பாவுக்கு பேஸ்மேக்கர் வைக்கலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எழுதிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். நீலகிரியில் கோத்தகிரிக்குப் பக்கத்து ஹட்டியில் (படகர் ஊரில்) இருக்கும் அப்பாவுக்கு 71 வயது. சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை, ஒரு பழைய ஜீப். ஒரே வருடத்தில் மூன்று தடவை விழுந்திருக்கிறார். முதல் தடவை காலையில் மஃப்ளரை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலில் இறங்கும்போது. அடுத்தது சவரம் செய்யும்போது. மூன்றாவது, ஜீப்பை ரிவர்ஸ் எடுப்பதற்காகக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தபோது. நல்லவேளை, வண்டி நகரவில்லை. கோயம்புத்தூரில் இதய மருத்துவர் கழுத்தை அழுத்திப் பார்த்தபோது ஈசிஜியில் ஐந்து நொடிக்கு மேல் துடிப்பே இல்லை. "இதேதான், இப்படித்தான் வரும்" என்று அப்பாவும் சொல்லியிருக்கிறார். இப்போது பேஸ்மேக்கர், அதாவது துடிப்பு நின்றால் இதயத்தைத் துடிக்கவைக்கும் கருவி, வைக்கச் சொல்கிறார்கள். ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை, எக்கோவும் நன்றாக இருக்கிறது, அப்புறம் எதற்கு மெஷின் என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். செலவுக்கு என்ன வழி என்பது உங்கள் கேள்வி. அப்பாவுக்கோ படகர்களின் ஹெத்தை திருவிழாவுக்குப் போக முடியுமா என்பதுதான் கவலை.

நான் இந்த மலையில் பொது மருத்துவம் பார்க்கிறவன். பேஸ்மேக்கர் பொருத்துவது என் வேலை இல்லை. பொருத்திக்கொள்ளப் போகிறவர்களையும் பொருத்திக்கொண்டு திரும்பி வந்தவர்களையும் பார்க்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே நடந்திருந்தால், வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் பதில். அப்படிச் சொல்வதற்கு முக்கியக் காரணம் அந்த ஐந்து நொடி இல்லை. அந்த ஐந்து நொடியின்போது அப்பா சொன்ன வார்த்தை.

கழுத்தில் குரல்வளை எலும்பின் மேல் விளிம்புக்கு நேராக, பக்கத்துக்கு ஒன்றாக கரோடிட் தமனி இரண்டாகப் பிரிகிறது. அதில் மூளைக்குப் போகும் கிளையின் தொடக்கத்தில் குழாய் கொஞ்சம் புடைத்திருக்கும். அதுதான் கரோடிட் சைனஸ். அதன் சுவரில் இருக்கும் நரம்பு முனைகள் ரத்த அழுத்தத்தை நொடிக்கு நொடி அளந்துகொண்டே இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் சுவர் விரியும். அந்தச் செய்தி ஒன்பதாவது மண்டை நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குப் போகும். அங்கிருந்து வேகஸ் நரம்பு வழியாக "மெதுவாகத் துடி" என்று இதயத்துக்கு உத்தரவு வரும். கூடவே கை கால் ரத்தக் குழாய்களும் தளரும், பிபி இறங்கும். நம் எல்லோருக்கும் நாள் முழுக்க இது நடந்துகொண்டுதான் இருக்கிறது. இந்த அனிச்சைச் செயலை 1920களில் விவரித்தவர் ஹெரிங் என்ற ஜெர்மானிய உடலியல் அறிஞர். இதே கழுத்துப் பகுதி மூச்சைக் கட்டுப்படுத்தும் விதத்தைக் கண்டறிந்ததற்காக பெல்ஜியத்தின் ஹெய்மன்ஸுக்கு 1938ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. இந்த அனிச்சை மிதமிஞ்சிப் போனால் மனிதர்கள் மயங்கி விழுவார்கள் என்பதை 1933இல் வைஸ், பேக்கர் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் விரிவாக எழுதினார்கள். ஆகவே இது நேற்று முளைத்த வியாதி இல்லை.

வயதானவர்கள் சிலருக்கு, பெண்களைவிட ஆண்களுக்கு அதிகமாக, இந்த இடம் மிகவும் கூர்மையாகிவிடுகிறது. வெளியிலிருந்து லேசாக அழுத்தினாலே, பிபி எக்கச்சக்கமாக ஏறிவிட்டது என்று மூளை எடுத்துக்கொள்கிறது. உடனே இதயத்தை நிறுத்திப் பிடிக்கிறது. இதனால் மயக்கம் வருவதைத்தான் கரோடிட் சைனஸ் நோய் என்கிறோம். மூளைக்கு ரத்தம் போவது ஆறேழு நொடி நின்றாலே போதும், நினைவு போய்விடும். இறுக்கமான காலர், கழுத்தைச் சுற்றிய துணி, சவரக் கத்தி, சட்டென்று தலையைத் திருப்புவது, அண்ணாந்து பார்ப்பது எல்லாம் தூண்டிவிடலாம். பலருக்குத் தூண்டுதல் எதுவும் தெரியாமலேயே வரும். உங்கள் அப்பா விழுந்த மூன்று தடவையும் பாடப்புத்தகத்தில் இருப்பது போலத் தெளிவாக இருப்பது அவருடைய அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் இன்னும் கொஞ்ச காலம் யாருக்கும் பிடிபட்டிருக்காது.

இந்த இடத்தில் மலைவாசிகளுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் ஊரில் விழுந்தவரைக் கேட்டால் "வழுக்கிடுச்சு" என்பார். பாசி பிடித்த படி, ஈரச் சரிவு, பனி விழுந்த புல் எல்லாம் இருக்கும்போது யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை. ஆனால் இந்த வகை மயக்கத்தில் நினைவு போனதே பலருக்கு ஞாபகம் இருக்காது. பொய் சொல்லவில்லை, உண்மையாகவே தெரியாது. விழுந்ததும் எழுந்ததும் மட்டும் நினைவிருக்கும், நடுவில் நடந்தது மனதில் பதியாது. அதனால் 60 வயது தாண்டியவர் ஒரே வருடத்தில் இரண்டு மூன்று தடவை "வழுக்கி" விழுந்தால், விழும்போது கையை ஊன்றினாரா என்று கேளுங்கள். வழுக்குகிறவர் பெரும்பாலும் கையை ஊன்றுவார். நினைவில்லாமல் சாய்கிறவருக்கு முகத்திலும் மண்டையிலும் அடிபட்டிருக்கும். இன்னொரு குழப்பமும் உண்டு. இதயம் சில நொடி நின்றால் கை கால் இழுக்கும், பார்க்கிறவர்கள் வலிப்பு என்று நினைப்பார்கள். அப்படி வருடக்கணக்கில் வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, சொந்தக்காரர்களின் கேள்விக்கு வருவோம். ஆஞ்சியோ பார்ப்பது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களை. எக்கோ பார்ப்பது தசையும் வால்வும் எப்படி வேலை செய்கின்றன என்பதை. அப்பாவுக்கு இரண்டும் நன்றாக இருப்பது நல்ல செய்தி. ஆனால் அவருடைய தொந்தரவு அங்கே இல்லை. இதயம் நல்ல இதயம்தான், கழுத்திலிருந்து கிளம்பும் தவறான உத்தரவுக்கு அது கீழ்ப்படிகிறது. அந்த உத்தரவை நிறுத்த மாத்திரை கிடையாது. உத்தரவு வந்தாலும் துடிப்பு நிற்காமல் பார்த்துக்கொள்ளத்தான் கருவி. மற்ற நேரத்து ஈசிஜி சுத்தமாக இருப்பதும், உடம்பில் மாட்டி 24 மணி நேரமும் துடிப்பைப் பதியும் ஹோல்டரில் எதுவும் சிக்காததும் இந்த நோயில் சகஜம். அதை வைத்து "ஒன்றுமில்லை" என்று முடிவு கட்டக் கூடாது.

இனி, என்னைப் பொறுத்தவரை முக்கியமான பகுதி. கழுத்தை அழுத்தியதும் இரண்டு விதமான கோளாறு வரலாம். ஒன்று, இதயம் மூன்று நொடியோ அதற்கு மேலோ நிற்பது. இன்னொன்று, இதயம் துடித்துக்கொண்டே இருக்க, ரத்தக் குழாய்கள் தளர்ந்து மேல் பிபி இருந்ததிலிருந்து 50 புள்ளியோ அதற்கு மேலோ சரிவது. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே வரும். முதல் வகைக்குத்தான் பேஸ்மேக்கர் நன்றாக உதவும். இரண்டாவது வகை மட்டும் இருப்பவருக்கு அதை வைத்துப் பயனில்லை. துடிப்பை ஒழுங்காகக் கொடுக்கலாமே தவிர, தளர்ந்த குழாயைக் கருவியால் இறுக்க முடியாது. கலந்து இருப்பவருக்கு ஓரளவு உதவும். எது எவ்வளவு என்று தெரிந்துகொள்ள, தேவைப்பட்டால் அட்ரோபின் ஊசி போட்டு, இதயம் நிற்பதைத் தடுத்துவிட்டு மறுபடி அழுத்திப் பார்ப்பார்கள். அப்போதும் பிபி விழுந்து மயக்கம் வந்தால், கருவி வைத்த பிறகும் கொஞ்சம் தொந்தரவு மிச்சமிருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

அதனால் மருத்துவரிடம் இரண்டு எண்களைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை நொடி நின்றது? பிபி எவ்வளவு இறங்கியது? ஐந்து நொடி என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், பிபி பற்றி ஒன்றும் இல்லை. அந்த ஈசிஜி தாளின் நகலையும் கேளுங்கள். பிற்காலத்தில் எந்த ஊர் மருத்துவரைப் பார்த்தாலும், கருவி ஏன் வைத்தார்கள் என்பதற்கு அந்தத் தாள்தான் பதில் சொல்லும்.

அப்பா சொன்ன வார்த்தை ஏன் முக்கியம் என்றேனே, அதற்குக் காரணம் இது. வயதானவர்கள் பலருக்கு, ஒரு தடவைகூட மயங்காதவர்களுக்குக்கூட, கழுத்தை அழுத்தினால் மூன்று நொடி இதயம் நிற்கும். அது வெறும் கூர்மைதான், அதற்கு வைத்தியம் தேவையில்லை. அழுத்தும்போது வருகிற மயக்கம், வீட்டில் வந்த மயக்கத்தைப் போலவே இருந்தால்தான் நோய் உறுதி. உங்கள் அப்பாவுக்கு இரண்டும் பொருந்திவிட்டது. வேறு யாராவது இதைப் படித்துவிட்டு "என் மாமாவுக்கும் அழுத்தினால் நின்றது" என்று சொன்னால், அவர் எப்போதாவது மயங்கி விழுந்தாரா என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி.

வீட்டில் யாரும் கழுத்தை அழுத்திப் பார்க்க வேண்டாம். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மருத்துவமனையில் அதைச் செய்யும்போது ஈசிஜியும் பிபியும் ஓடிக்கொண்டிருக்கும், பக்கத்தில் அவசர மருந்து இருக்கும், ஐந்திலிருந்து பத்து நொடிதான் அழுத்துவார்கள், ஒரு பக்கம் முடிந்து சற்று இடைவெளி விட்டு மறுபக்கம். அதற்கு முன் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கழுத்தில் இரைச்சல் இருக்கிறதா என்று கேட்பார்கள். இருந்தால் டாப்ளர் ஸ்கேன் எடுத்துக் குழாயில் கொழுப்புப் படிவு இல்லை என்று தெரிந்த பிறகுதான் தொடுவார்கள். மூன்று மாதத்துக்குள் பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்களுக்குச் செய்ய மாட்டார்கள். இவ்வளவு கவனமாகச் செய்தும், மிக அரிதாகப் படிவு உடைந்து மூளைக்குப் போய் பக்கவாதம் வருவதுண்டு. படுக்கவைத்து மட்டும் செய்யாமல், சாய்வு மேசையில் நிற்கவைத்தும் செய்வது நல்ல பழக்கம். படுத்த நிலையில் மட்டும் பார்த்தால் சிலருக்குத் தப்பிவிடும்.

இன்னொன்றும் கேட்டுவிடுங்கள். அப்பாவின் கழுத்தில் கட்டி ஏதாவது தட்டுப்படுகிறதா? முன்பு கழுத்தில் ஆபரேஷனோ ரேடியேஷனோ நடந்திருக்கிறதா? அரிதாக அதுவே அந்த இடத்தை உறுத்திக்கொண்டிருக்கும். அப்படியிருந்தால் வைத்தியத்தின் பாதையே வேறு.

பலன் எவ்வளவு? 1992இல் இத்தாலியைச் சேர்ந்த பிரிக்னோலே குழுவினர் வெளியிட்ட ஆய்வில் இந்த நோய் கடுமையாக இருந்த 60 பேரை எடுத்துக்கொண்டார்கள். சுமார் மூன்று வருடத்தில், கருவி வைக்காதவர்களில் 57 சதவீதம் பேருக்கு மறுபடி மயக்கம் வந்தது. வைத்துக்கொண்டவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் வித்தியாசம் பெரிது. பின்னால் 2007இல் ஸ்வீடனில் வந்த ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியது. 2021இல் ஐரோப்பிய இதயவியல் சங்கம் வெளியிட்ட நெறிமுறை, 40 வயதைத் தாண்டியவருக்கு, எதிர்பாராமல் திரும்பத் திரும்ப வருகிற கடுமையான மயக்கமும், இதயம் நிற்கும் வகை கரோடிட் சைனஸ் நோயும் இருந்தால், இரண்டு அறை பேஸ்மேக்கரைத் தயக்கமில்லாமல் பரிந்துரைக்கிறது. உங்கள் அப்பா அதற்குள் வருகிறார்.

ஆனால் மயக்கம் என்று உறுதியாகாமல் வெறுமனே விழுகிறவர்கள் விஷயத்தில் நான் இவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். 2001இல் இங்கிலாந்தின் நியூகாசிலில், காரணம் தெரியாமல் விழுந்து அவசரப் பிரிவுக்கு வந்த 175 பேரை ஆராய்ந்தார்கள். ஒரு வருடத்தில் கருவி வைக்காதவர்கள் மொத்தம் 669 தடவை விழுந்தார்கள், வைத்தவர்கள் 216 தடவை. கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் தனக்குக் கருவி இருக்கிறது என்ற எண்ணமே ஒருவருடைய நடையை மாற்றும், அதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? 2009இல் எல்லோருக்கும் கருவியை வைத்துவிட்டு, நோயாளிக்குத் தெரியாமல் சில மாதம் வேலை செய்யவிட்டும் சில மாதம் நிறுத்தியும் பார்த்தார்கள். விழுவது குறையவில்லை. விழுவதற்குக் கண் பார்வை, முழங்கால், செருப்பு, தூக்க மாத்திரை என்று ஆயிரம் காரணம் இருக்கிறது. அதனால்தான் அப்பாவுக்கு மயக்கம் வந்ததை நேரில் பார்த்தவர் இருக்கிறாரா, பரிசோதனையில் அதே உணர்வு வந்ததா என்று இவ்வளவு தூரம் வலியுறுத்துகிறேன்.

அடுத்தது கருவியின் வகை. இதில் செலவைப் பார்த்துத் தவறான இடத்தில் மிச்சம் பிடித்துவிடாதீர்கள். இதயத்தின் கீழறைக்கு மட்டும் ஒரு வயர் போகும் கருவி விலை குறைவு. மேலறைக்கும் கீழறைக்கும் சேர்த்து இரண்டு வயர் போகும் கருவி விலை அதிகம். இந்த நோய்க்கு இரண்டு வயர்தான் சரி. கீழறையை மட்டும் துடிக்கவைத்தால் மேலறையோடு தாளம் தப்பிவிடும். அதனாலேயே பிபி இறங்கி, கிறுகிறுப்பும் மூச்சு வாங்கலும் கழுத்தில் படபடப்பும் வரலாம். ஏற்கெனவே பிபி சரியும் தன்மை உள்ளவருக்கு அதையும் சேர்த்துக் கொடுப்பது நியாயமில்லை. மேலறை நிரந்தரமாக ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் என்ற ஒழுங்கில்லாத துடிப்பில் இருப்பவருக்கு மட்டும் ஒற்றை வயர் போதும். எம்ஆர்ஐ எடுக்க ஏற்ற மாடலா என்றும் கேளுங்கள். முதுகு வலிக்கோ மூளைக்கோ நாளை ஸ்கேன் தேவைப்படலாம்.

"இனி மெஷின்தான் இதயத்தை ஓட்டும்" என்ற பயம் உங்கள் வீட்டில் இருப்பது எழுத்திலேயே தெரிகிறது. அப்படி இல்லை. மழைக்காலத்தில் கரண்ட் போகும்போது மட்டும் வேலை செய்யும் இன்வெர்ட்டர் மாதிரிதான் இது அப்பாவுக்கு. அவருடைய இதயம் சொந்தமாகத் துடித்துக்கொண்டிருக்கும்வரை கருவி பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். துடிப்பு வரவில்லை என்றால் அந்தக் கணமே கொடுக்கும். சில மாடல்களில் துடிப்பு சட்டென்று சரிவதைக் கவனித்து, கொஞ்ச நேரம் வேகமாகத் துடிக்கவைக்கும் வசதியும் உண்டு. அதிகம் வேலை செய்யாததால் இந்த நோயாளிகளுக்கு பேட்டரி நீண்ட நாள் வரும். பொதுவாக 8 முதல் 12 வருடம். தீர்ந்தால் பெட்டியை மட்டும் மாற்றுவார்கள், வயர் நன்றாக இருந்தால் அப்படியே விட்டுவிடுவார்கள். உடலுக்குள் பொருத்தும் முதல் பேஸ்மேக்கரை 1958 அக்டோபரில் ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்கு வைத்தார்கள். அவர் பல கருவிகளை மாற்றிக்கொண்டு 2001 வரை வாழ்ந்தார். உள்ளே வைத்த கருவியோடு நீண்ட காலம் வாழ முடியும் என்பதற்கு அவரைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஆபரேஷன் என்று சொன்னாலும் நெஞ்சைத் திறப்பதில்லை. காலர் எலும்புக்குக் கீழே, வலக்கைக்காரருக்குப் பெரும்பாலும் இடப்பக்கம், மரத்துப்போக ஊசி போட்டுச் சிறிதாகக் கீறுவார்கள். அங்கிருக்கும் சிரை வழியாக வயர்களை எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே இதயத்துக்குள் கொண்டுபோவார்கள். பெட்டியைத் தோலுக்கடியில் வைத்துத் தைப்பார்கள். ஒரு மணி, ஒன்றரை மணி நேர வேலை. எடை 20, 30 கிராம்தான். சிக்கல்களும் உண்டு, மறைக்க மாட்டேன். ரத்தம் கட்டலாம், நுரையீரலைச் சுற்றிக் காற்று புகலாம், முதல் சில வாரத்தில் வயர் நகர்ந்துவிடலாம், கிருமி தொற்றலாம். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் தொற்று வந்தால் மொத்தமாக எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே காயம் சிவந்தாலோ, வீங்கினாலோ, நீர் கசிந்தாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ உடனே பொருத்திய இடத்துக்குப் போங்கள். உள்ளூரில் ஊசி குத்தி உறிஞ்ச யாரையும் விடாதீர்கள். ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமைக்கு வேறு மாத்திரையோ சாப்பிடுகிறார் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

பணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பேஸ்மேக்கர் பொருத்துவது இருக்கிறது. அட்டை இருந்தால் கோயம்புத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலோ கேளுங்கள். அனுமதிக்கு அனுப்பும்போது இரண்டு வயர் என்று குறிப்பிட்டு, அந்த ஈசிஜி தாளையும் சேர்க்கச் சொல்லுங்கள். கொடைக்கானல் பக்கம் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு மதுரை ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது.

கருவிக்கு நாள் குறிப்பதற்கு முன்னாலேயே செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. அப்பா சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். துடிப்பைக் குறைக்கும் அட்டெனலால், மெட்டோபிரொலால், டிகாக்சின். பிபியைச் சரிக்கும் மாத்திரைகள். பிராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின், பிராசோசின். ஞாபக மறதிக்குக் கொடுக்கும் டோனெபெசில் எல்லாம் இந்த நோயைக் கூட்டலாம். கண் அழுத்தத்துக்கு விடும் டைமோலால் சொட்டு மருந்துகூட ரத்தத்தில் கலந்து துடிப்பைக் குறைக்கும். கண் சொட்டை யாரும் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதால்தான் தனியாகச் சொல்கிறேன். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சிலருக்கு ஒரு மருந்தை மாற்றியதுமே மயக்கம் வெகுவாகக் குறைந்துவிடும்.

மலையில் வாழ்க்கை எப்படி என்பதற்கு வருகிறேன். உயரமோ குளிரோ கருவியை ஒன்றும் செய்யாது. தொட்டபெட்டா உச்சிக்குப் போனாலும் அதே மாதிரிதான் வேலை செய்யும். நம் கவலை குளிருக்காகக் கழுத்தில் சுற்றுவதைப் பற்றித்தான். கருவி வைத்த பிறகும் அந்த இடத்தின் கூர்மை போவதில்லை, பிபி சரிவது கொஞ்சம் மிச்சமிருக்கலாம். மஃப்ளருக்குப் பதிலாகத் தளர்ந்த கழுத்துள்ள ஸ்வெட்டர் போடட்டும், காதுக்கு மங்கி கேப் போதும், அதன் கழுத்துப் பகுதி இறுக்கமாக இருந்தால் மடித்து விடுங்கள். சட்டையின் மேல் பட்டன் போட வேண்டாம். சவரத்தை உட்கார்ந்து செய்யட்டும், கழுத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது. திரும்பிப் பார்ப்பதென்றால் தலையை மட்டும் திருப்பாமல் உடம்போடு திரும்பட்டும். சலூனில் கழுத்தைச் சொடுக்கெடுப்பார்களே, அதை இனி ஆயுளுக்கும் அனுமதிக்காதீர்கள்.

ஜீப்பைப் பற்றிக் கண்டிப்பாகவே பேசுகிறேன். கருவி வைக்கும்வரை சாவி உங்களிடம் இருக்கட்டும். தோட்டம் வரைக்கும்தானே என்ற பேச்சே வேண்டாம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் வளைவில் ஐந்து நொடி நினைவு போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் மட்டுமா போவார், எதிரே வரும் பஸ்ஸும் இருக்கிறது. வைத்த பிறகு, முதல் செக்கப்பில் கருவி சரியாக வேலை செய்கிறது என்று மருத்துவர் சொல்லி, மயக்கமும் வராமல் இருந்தால் மறுபடி ஓட்டலாம். எப்போதிலிருந்து என்பதை அவரிடமே எழுதி வாங்குங்கள்.

தோட்ட வேலையை நான்கிலிருந்து ஆறு வாரம் தள்ளிப் போடுங்கள். அதுவரை அந்தப் பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது, மூட்டை தூக்கக் கூடாது, விறகு பிளக்கக் கூடாது. ஆனால் கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும், முழங்கைக்குக் கீழும் தோள் மட்டம் வரையிலும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் கவாத்து, களையெடுப்பு எல்லாம் செய்யலாம். பெட்ரோலில் ஓடும் கவாத்து மெஷின், மரம் அறுக்கும் வாள் ஆகியவற்றின் இன்ஜின் பகுதி நெஞ்சிலிருந்து ஓரடிக்கு மேல் தள்ளி இருக்கட்டும். முதுகில் மாட்டும் மெஷினின் பட்டை கருவியின் மேல் உரசக் கூடாது. காட்டெருமைக்காகப் போட்டிருக்கும் சோலார் வேலியைத் தொடாமல் ஒதுங்கிப் போகட்டும். வெல்டிங் வேலை இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். வீட்டில் மிக்ஸி, டிவி, மைக்ரோவேவ் எதுவும் பிரச்சினை இல்லை. இண்டக்ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நிற்கட்டும். செல்போனைச் சட்டைப் பையில், கருவிக்கு மேல் வைக்காமல், மறுபக்கக் காதில் பேசட்டும். பிசியோதெரபியில் டயாதெர்மி என்ற மின்சாரச் சூடு வைப்பது கூடாது.

ஹெத்தை திருவிழா மார்கழி, தை வாக்கில் வரும். அதற்கு ஆறு வாரம் முன்னால் கருவி வைத்துவிட்டால் திருவிழா நடக்கும் பேரகணிக்குத் தாராளமாகப் போகலாம், காயம் ஆறி நன்றாக இருந்தால் நடந்தும் போகலாம். தலைப்பாகை கட்டலாம், துணியின் முனையைக் கழுத்தில் இறுக்கிச் சுற்ற வேண்டாம். இன்னும் வைக்கவில்லை என்றால், கூட்டத்துக்குள் தனியாக விடாதீர்கள், துணைக்கு ஒருவர் கூடவே இருக்கட்டும்.

இடையில் மயக்கம் வரும்போல இருந்தால், இருந்த இடத்திலேயே படுத்துவிட வேண்டும். விழுந்துவிட்டால் தூக்கி உட்காரவைக்காதீர்கள். படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடியுங்கள், கழுத்துத் துணியைத் தளர்த்துங்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒரு நிமிடத்துக்குள் தெளியவில்லை என்றாலும், நெஞ்சு வலி, பேச்சுக் குழறல், தலையில் அடி இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள்.

சொல்லத் தயக்கமாக இருந்தாலும் குடும்பத்தில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. என்றோ ஒரு காலத்தில் தகனம் என்று வந்தால், அதற்கு முன் கருவியை எடுத்துவிட வேண்டும். சூட்டில் பேட்டரி வெடிக்கும். மருத்துவமனையிலோ, தெரிந்த மருத்துவரோ எடுத்துத் தருவார்கள்.

வைத்த பிறகு ஒரு அட்டை தருவார்கள், அதில் கருவியின் பெயரும் மாடலும் இருக்கும். அப்பாவின் பர்ஸில் ஒன்று, உங்கள் போனில் ஒரு படம். முதல் செக்கப் சில வாரத்தில், அப்புறம் ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு தடவை. கீழே இறங்கிப் போக அலுத்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள், ஒரே நாளில் போய்த் திரும்பலாம். ஒருவேளை மறுபடி மயக்கம் வந்தால், மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். தேதியும் நேரமும் குறித்துக்கொண்டு போங்கள். அந்த நேரத்தில் துடிப்பு எப்படி இருந்தது என்று கருவியின் நினைவகத்தில் பார்க்க முடியும். துடிப்பு ஒழுங்காக இருந்திருந்தால், அது பிபி சரிந்த மயக்கம். பிபி மாத்திரையைக் குறைப்பது, தண்ணீரும், மருத்துவர் அனுமதித்தால் உப்பும் கூட்டுவது என்று அதற்குத் தனி வைத்தியம் இருக்கிறது.